மங்கையக்காவின் ஊறுகாய் ஜாடிகள்

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்தில் மங்கையக்காவை யாரும் அலர்மேல்மங்கை என்று முழுப்பெயரில் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டு முடிப்பதற்குள் குழாயில் தண்ணீர் நின்றுவிடும். மங்கை, மங்கையக்கா, கன்னடக்காரர்களுக்கு உப்பினகாயி அம்மா, அதாவது ஊறுகாய் அம்மா. எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் நான் தையல் மிஷினை ஓட்டினால் அந்தப் பக்கம் அவள் கடுகு வறுக்கும் நெடியில் தும்முவேன். அவள் ஊறுகாய் விற்றாள், நான் ரவிக்கை தைத்தேன். அவள் குடியாத்தத்தில் பிறந்து கோலார் தங்கவயலில் வாழ்க்கைப்பட்டவள். நான் தங்கவயலிலேயே பிறந்த வேதக்காரி, பெயர் கிரேஸ். சுரங்கத்துத் தூசியைத் தின்ற இரண்டு குடும்பங்கள் பெங்களூருக்கு வந்து ஒரு சுவரைப் பகிர்ந்துகொண்டோம், அவ்வளவுதான் உறவு. அது போதுமானதாக இருந்தது.

அவளைப் பற்றிச் சொல்வதென்றால் ஜாடிகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். மேலே பழுப்பு, கீழே பால்வெள்ளை, கழுத்தில் இரண்டு காது, மார்பில் ஏதோ இங்கிலீஷ் முத்திரை. தங்கவயலில் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பங்களாக்களைக் காலி செய்தபோது ஏலத்தில் எடுத்தவை. அவளுடைய கல்யாண நகைகூட அவ்வளவு பத்திரமாக இருந்ததில்லை. பழைய ஜாடி வாங்குவதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். முதலில் விரல் முட்டியால் தட்டுவாள். கணீரென்றால் வீட்டுக்கு வரும். வந்த பிறகு உப்புத் தண்ணீர் ஊற்றி மூலையில் வைத்துவிடுவாள். சில நாளில் வெளிப்பக்கம் உப்புப் பூத்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது என்று அர்த்தம். அதில் அரிசி போட்டுக்கொள்வாள், ஊறுகாய் போடமாட்டாள். ஈரக்கையோடு யாரும் ஜாடிப் பக்கம் போகக் கூடாது. நான் ஒருமுறை தலை குளித்துவிட்டு ஈரத் துண்டோடு எட்டிப் பார்த்ததற்கு, "ஏன் கிரேஸு, ஒங்க கோயில்ல ஞானஸ்நானம் முடிஞ்சி நேரா இங்கதான் வர்றியா?" என்று விரட்டினாள்.

அவள் மாமியார் செத்தது காவேரிக் கலவரம் நடந்த வருஷம். அப்போதுதான் ஜாடிகளுக்கு முதல் கண்டம் வந்தது. சாவு விழுந்த வீட்டில் காரியம் முடிந்ததும் மண்பாண்டங்களை வெளியே எறிந்து உடைக்க வேண்டும். பித்தளை, வெண்கலத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் தீட்டுப் போய்விடும். எவர்சில்வருக்கு அதுகூட வேண்டாமாம், கழுவினால் போதுமாம். எந்தச் சாமி எவர்சில்வருக்குச் சலுகை கொடுத்தது என்று எனக்குத் தெரியாது. எல்லாம் சுமுகமாக முடியும் நேரத்தில் யாரோ ஒரு கிழவர் ஊறுகாய் ஜாடிகளைப் பார்த்து, "இதுங்கள இன்னா பண்றது?" என்று கேட்டுத் தொலைத்தார்.

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. வழவழவென்று கண்ணாடி மாதிரி இருக்கிறது, கழுவினால் போதும் என்றது ஒரு கட்சி. தண்ணீர் உள்ளே இறங்கவில்லை என்றால் தீட்டு மட்டும் எப்படி இறங்கும் என்று அக்காவின் வீட்டுக்காரர் ஏகாம்பரமே கேட்டார். ஆனால் எங்கள் சந்தில் சாவுச் சடங்குக்கெல்லாம் தலைமை முனிகிருஷ்ணன் மேஸ்திரி. கார்ப்பரேஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாடை கட்டுவதிலிருந்து கொள்ளிக்குடத்தில் ஓட்டை போடுவதுவரை அவர் சொல்தான் சட்டம். அவர் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "பீங்கான் இன்னாத்துல பண்றாங்க? மண்ணுலதான? உள்ள மண்ணு, மேல பூச்சு. பவுடர் போட்டா பொணம் எழுந்து ஒக்காந்துடுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு வந்த பக்கம் தீர்ப்பும் போய்விட்டது. ஜாடிகளைத் தூக்கிக்கொண்டு போய்ச் சந்து முனையில் போட்டு உடைத்தார்கள். ஒன்று மட்டும் விழுந்தும் உடையாமல் உருண்டது. மேஸ்திரி கடப்பாரையைக் கொண்டுவரச் சொன்னார். அந்த வருஷத்து எலுமிச்சை ஊறுகாய் சாக்கடையில் மஞ்சளாக ஓடியது. மங்கையக்கா மாமியாருக்காக அழுத அழுகையோடு அதையும் சேர்த்து அழுதுவிட்டாள். சாவு வீட்டில் அது ஒரு வசதி, எதற்கு அழுகிறாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் பழைய சாமான் கடைகளிலும் அலைந்து மறுபடி ஐந்து ஜாடி சேர்த்தாள். அதற்கு அவளுக்கு எட்டு வருஷம் ஆனது. அதற்குள் ஏகாம்பரத்தின் நெஞ்சு கெட்டுவிட்டது. சுரங்கத்திலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர், தூசியை மட்டும் அங்கே விட்டுவிட்டு வர முடியவில்லை. நாலு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். குடும்பம் ஊறுகாயில் ஓடியது. சந்தில் பாதி வீடு, மல்லேஸ்வரம் பக்கம் இரண்டு மெஸ், ராகிக் களி போடும் ஓட்டல் ஒன்று, எல்லாம் அவள் கையை நம்பி இருந்தன. ஒரே மகள் உதயாவை ஆம்பூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மருமகன் மாமியாருக்கு ஒருவேளை சாப்பாடு போடுவதற்கே முகத்தை ஒரு முழம் நீட்டுகிற ஆள்.

தொண்ணூற்றொன்பதில் சித்திரை மாதம் மாங்காய் நல்ல விளைச்சல். ஐந்து ஜாடியும் கழுத்துவரை நிறைந்தன. மேலே நல்லெண்ணெய் மிதக்க, வாயில் வெள்ளைத் துணி கட்டி, சுவரோரம் வரிசையாக வைத்தாள். ஏகாம்பரம் கட்டிலில் உட்கார்ந்து இருமிக்கொண்டே துணிக்குச் சணல் கட்டினார். அதுதான் அவர் அந்த வீட்டில் செய்த கடைசி வேலை. வைகாசியில் மூச்சுத்திணறல் அதிகமாகி, தங்கவயல் ஆஸ்பத்திரியில்தான் இந்த நோய்க்கு வைத்தியம் தெரியும் என்று தங்கை தனலக்ஷ்மி வீட்டுக்குப் போனார். சில நாளில் முனைக்கடை போனுக்குத் தகவல் வந்தது, உடனே வா என்று. அக்கா வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு ஓடினாள்.

அவர் இறந்துபோன செய்தி எனக்கு என் அண்ணன் மூலமாக வந்தது. தங்கவயலில் சாம்பியன் ரீஃப் பக்கம்தான் அண்ணன் வீடு, சாவுக்குப் போயிருக்கிறான். நான் சந்தில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் வந்து சொல்லட்டும் என்று இருந்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து வருவாள், வெறும் நெற்றியோடு வருவாள், கட்டிப்பிடித்து அழ வேண்டும் என்று மனதைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

வந்தாள். நெற்றியில் பொட்டு, தலையில் ஒரு முழம் கனகாம்பரம், கழுத்தில் மஞ்சள் கயிறு.

குழாயடியில் இருந்த சரளா குடத்தை வைத்துவிட்டு ஓடிவந்தாள். சரளா பின்சந்துக்காரி, அக்காவுக்கு உயிர்த்தோழி. "இன்னாடி மங்கை, எப்டி கீறாரு?" என்று கேட்டாள்.

"பரவால்ல. மூச்சு வாங்கறது கொறஞ்சிக்கீது," என்றாள் அக்கா.

சாவியைக் கொடுக்கிற சாக்கில் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். "அண்ணன் எனக்குச் சொல்லிட்டான்க்கா," என்றேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. ஜாடிகளைத்தான் பார்த்தாள். காரியத்தன்று நாத்தனார் வீட்டில் தாலியைக் கழற்றினார்கள். திரும்பி வரும்போது பங்காருப்பேட்டை ஸ்டேஷனில் ரயில் மாறக் காத்திருந்தாளாம். வெளியே போய் மஞ்சள் கயிறும் குங்குமமும் பூவும் வாங்கினாள். பெண்கள் கக்கூசுக்குள் போய், தன் கழுத்தில் தானே முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

"மூணு முடிச்சும் நானே போட்டேன் கிரேஸு. மொத கல்யாணத்துலகூட கையி இவ்ளோ நடுங்கல," என்றாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் மேல் இல்லை. "ஜாடிங்கள என் வீட்ல கொண்டாந்து வெச்சிடு. நாங்க வேதக்காரங்க, எங்க வீட்ல ஒரு தீட்டும் கெடையாது. சாவச் சொல்லிட்டு நிம்மதியா அழுது தொலை," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "வீட்டுக்கா தீட்டு? கிளர்ற கைக்குத்தான் தீட்டு. மேஸ்திரி விட்டாலும் சாவு வூட்டு ஊறுகாய எவ வாங்குவா? இந்த அஞ்சு ஜாடி போனா அடுத்த மாங்காய்க்கு எங்கிட்ட இன்னா கீது? வாடகைக்கு இன்னா கீது? தனம் நல்லவதான். அண்ணி, வந்துடு, இருக்கற கஞ்சியக் குடிக்கலாம்னு சொல்றா. ஒத்த ரூம்பு, நாலு புள்ளைங்க. அதுல நான் ஒரு மூலையில ஒக்காந்து எவ்ளோ நாளைக்குக் கஞ்சி குடிப்பேன்? ஐப்பசிக்குள்ள வித்துடும். வித்ததும் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். அப்புறம் அழறேன்."

அப்புறம் அழறேன் என்று சொன்ன மனுஷியை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு நாடகம் நடந்தது. பார்வையாளர் நான் ஒருத்திதான். காலையில் மஞ்சள் பூசிக் குளிப்பாள், பொட்டு வைப்பாள், சாமி படத்துக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள். குங்குமத்தைத் தொடும்போது விரல் தயங்குவது எனக்குத் தெரியும். பக்திக்காரி அவள். வேஷம் என்று நினைத்து வைத்திருந்தால் இவ்வளவு பாடுபட்டிருக்கமாட்டாள், பாவம் என்று நினைத்துக்கொண்டேதான் தினமும் வைத்தாள். வாரத்தில் ஒருநாள் யாராவது, "அண்ணன் எப்ப வருவாரு?" என்று கேட்பார்கள். "டாக்டரு இன்னும் விடல," என்பாள். ஓட்டல்காரர் மட்டும் கன்னடத்தில் விசாரிப்பார். அவரிடம் கன்னடத்தில் பொய் சொல்வது அக்காவுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்ததாம். தமிழில்தான் நாக்கு ஒட்டிக்கொண்டதாம்.

ஊறுகாய் கெட்டுப்போகும் என்று அவள் எதிர்பார்த்தாள். தீட்டுக் கை பட்டால் பூஞ்சை பிடிக்கும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். தினமும் துணியை அவிழ்த்து எட்டிப் பார்ப்பாள். ஒரு புள்ளி வெள்ளைகூட இல்லை. எண்ணெய் தெளிந்து, மாங்காய்த் துண்டு சிவந்து, வாசனை சந்து முழுக்கத் தூக்கியது. அந்த வருஷத்து ஊறுகாய் மாதிரி அதற்கு முன் அவள் போட்டதே இல்லை என்று மெஸ்காரர்கள் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. "பாத்தியாக்கா, ஒங்க மேஸ்திரி தீட்டு எவ்ளோ லச்சணம்னு!" என்றேன்.

அவள் முகம் சுருங்கியது. "இதுங்களுக்குத் துணி கட்டின கையி செத்துப்போச்சு. ஒரு ஜாடியாவது அழுவக் கூடாதா கிரேஸு?" என்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாய் மூடிய சந்தர்ப்பங்கள் என் வாழ்க்கையில் குறைவு.

ஆவணியில் சரளா மகள் லாவண்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மூன்று ஜாடி விற்று முடிந்து இரண்டு மீதி இருந்தது. இவர்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் சுமங்கலிகள் மேளத்தோடு குயவர் வீட்டுக்குப் போய், சுண்ணாம்பும் காவியும் வைத்து எழுதிய அரசாணிப் பானைகளை எடுத்து வருவார்கள். மணமேடையில் அந்தப் பானைகளை அடுக்கித்தான் தாலி கட்டுவது. முதல் பானையைத் தூக்குகிறவள் பூவும் பொட்டுமாகப் புருஷனோடு நல்லபடி வாழ்கிறவளாக இருக்க வேண்டும். சரளா யோசிக்கவே இல்லை. "மொதப் பான மங்கைதான்," என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

"காய்ச்சல்னு படுத்துக்கோ," என்றேன் நான். அப்படித்தான் செய்தாள். பானை எடுக்கும் நாளன்று போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு படுத்தாள். ஆனால் சரளா விடுகிற ஆளா? பட்டுப்புடவை சரசரக்க உள்ளே வந்து போர்வையை உருவினாள்.

"ஒரு பானைய தொட்டுக் குடுத்துட்டு வந்து படுடி. ஒனக்கோசரம் தனியா ஆட்டோ வெச்சிக்கீறேன். நீ இல்லாம நான் பான எடுக்கமாட்டேன், ஆமா!" என்றாள். கிரேஸு, நீயும் வா, இவளப் புடிச்சிக்கோ என்று என்னையும் ஏற்றினாள். எந்தச் சாக்கும் அவள் குஷிக்கு முன்னால் நிற்கவில்லை.

பாட்டரி டவுனில் குயவர் வீட்டு வாசலில் பானைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். சூளைப் புகை வாசனையும் ஈரமண் வாசனையும் கலந்து வந்தது. மேளக்காரன் தட்ட ஆரம்பித்தான். பெண்கள் பானைகளுக்கு மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கு வைத்தார்கள். சரளா ஒரு பந்துப் பூவை எடுத்து அக்கா தலையில் வைத்தாள், நெற்றியில் குங்குமத்தை அழுத்தினாள். அவள் மனதில் பட்டதைச் சொல்லிவிட்டாள், அதில் அவள் தப்பு ஒன்றும் இல்லை:

"எங்கூட்டுக்காரர் போன வருஷம் ஆஸ்பத்திரில கெடந்தப்போ ஒன்னப் பாத்துதான்டி தெம்பா இருந்தேன். இத்தினி வருஷமா சீக்காளியா கீற மனுசன எமன்கிட்டேருந்து புடிச்சி வெச்சிக்கினு கீற. ஒன் ராசி எம் பொண்ணுக்கு வரட்டும். எடு."

அக்கா குனிந்தாள். பானையின் கழுத்துக்கு நேராகக் கை போனது. தொடவில்லை. அந்தக் கை அங்கேயே நின்றதை நான் பார்த்தேன். ஜாடிகளுக்காக அவள் சாமியை ஏமாற்றினாள், சந்தை ஏமாற்றினாள். அந்தப் பெண்ணை ஏமாற்ற அவளால் முடியவில்லை. லாவண்யா அவள் மடியில் விளையாடி வளர்ந்தவள்.

"வேணாண்டி சரளா. அவரு வைகாசியிலயே போய்ட்டாரு," என்றாள்.

மேளச் சத்தத்தில் சரளாவுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. அக்கா தலையிலிருந்த பூவைப் பிய்த்துக் கீழே போட்டாள். அதற்குப் பிறகு வந்த சத்தம் மேளத்தையே நிறுத்திவிட்டது. வைகாசியிலிருந்து நெஞ்சுக்குள் அடைத்து வைத்திருந்த அழுகை. "என் ராசாவே, ஒன்ன அழாம அனுப்பிட்டேனே" என்று மார்பில் அடித்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்தாள்.

எங்கள் பக்கம் ஒரு பெண் அப்படி அழுதால் அழுகிறவளைத் தனியாக விடமாட்டார்கள். ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தலையோடு தலை முட்டி, தோளில் தோள் சாய்த்து, எல்லாரும் வட்டமாகச் சேர்ந்து அழுவார்கள். தெரியாத சாவாக இருந்தாலும் அழுவார்கள். அன்றைக்கு அங்கே பத்துப் பதினைந்து பெண்கள் இருந்தார்கள், ஒருத்தியும் கிட்டே வரவில்லை. கல்யாணப் பானை எடுக்க வந்தவர்கள் சாவுக்கு அழக் கூடாது. ஒரு கால் முன்னால் வைத்தவள்கூட அடுத்தவள் முகத்தைப் பார்த்துப் பின்னால் எடுத்துக்கொண்டாள். பட்டுப்புடவைகள் பானைகளை மறைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கின. சரளாவை அவள் ஓரகத்தி கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய்விட்டாள்.

நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து கட்டிக்கொண்டேன். எனக்கு ஒப்பாரி வராது, எங்களுக்கு ஞானப்பாட்டுதான் தெரியும். அவள் ஒரு அடி எடுத்துக்கொடுத்துவிட்டு அடுத்த அடியை நான் எடுப்பேன் என்று நிறுத்துவாள். நான் என்ன செய்வேன்? முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். அந்த அடிகளையெல்லாம் அவளே முடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அவள் வாசலில் பாட்டில்களும் கிண்ணங்களும் டப்பாக்களும் வரிசையாக இருந்தன. சந்துக்காரர்கள் வாங்கிய ஊறுகாயில் மீதியைத் திருப்பி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். யாரும் கத்தவில்லை, சண்டை போடவில்லை. கத்தியிருந்தால் நான் பதிலுக்கு நாலு கேள்வி கேட்டிருப்பேன். மேஸ்திரி வந்து வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால், "ஒங்க வாயால சொல்ல வேணா மேஸ்திரி. நானே எடுத்துடறேன்," என்றாள் அக்கா. இரண்டு ஜாடியையும் குப்பைத் தொட்டிக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்தாள். காலி ஜாடிகள் ஐந்தையும் பழைய சாமான்காரன் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோனான். என்ன கொடுத்தான் என்று நான் கேட்கவில்லை.

கல்யாணம் முடிந்து சில நாளில் சரளா வந்தாள். அக்கா அதற்குள் தனலக்ஷ்மி வீட்டுக்குப் போக மூட்டை கட்டிவிட்டாள். சரளா வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை. மறுவீட்டு விருந்தெல்லாம் இன்னும் பாக்கி இருந்தது.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல? தெனமும் ஒங்கூடதான ஒக்காந்துக்கினு இருந்தேன்? நான் யார்கிட்ட சொல்லப்போறேன்?" என்று கேட்டாள்.

"சொல்லியிருந்தா எங்கையால வாங்கித் தின்னிருப்பியா?"

சரளா பொய் சொல்லியிருக்கலாம், அவளுக்கு வராது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், "மங்கை…" என்று கையை நீட்டி ஒரு காலை உள்ளே வைத்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அழத்தான் வந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த வட்டாரத்திலிருந்து ஏகாம்பரத்துக்காக அழ வந்த முதல் ஆள்.

மங்கையக்கா சட்டென்று இரண்டடி பின்னால் போனாள். "உள்ள வராதடி. கல்யாணம் பண்ண வூடு, பொண்ணுக்கு ஆகாது. அழாத. போ, போயிடு," என்றாள்.

சரளா காலை எடுத்துக்கொண்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள். அக்கா கதவுக்குப் பின்னால் நின்று, அவள் சந்து திரும்பும் வரைக்கும் வாயில் புடவையை அடைத்துக்கொண்டு இருந்தாள்.